தொண்ணூறு படிகளும் ஒரு லிஃப்டும்

பல்பு என்ற பெயரை அவளுக்கு வைத்தது தங்கைதான். ஒன்பது வயதில் அவள் அப்பாவின் வெட்டு மேசைமேல் ஏறி, தையல் மிஷினுக்கு மேலே கருகிக் கிடந்த பல்பைக் கழற்றி வேறொன்றை மாட்டினாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். அதன்பிறகு அந்தக் குடியிருப்பில் எந்த வீட்டில் சுவிட்ச் தீய்ந்தாலும், ஃபேன் முனகினாலும், "டெய்லர் வீட்டுப் பெரிய பொண்ணைக் கூப்பிடு" என்பார்கள். அவளும் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு போய் வேலையை முடித்துவிட்டு, யாரோடும் நாலு வார்த்தை பேசாமல் திரும்பி வருவாள்.

இருபத்திரண்டு வயதில் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தமும் சேர்ந்துகொண்டது. வேலை தேடி மூன்று இடங்களுக்குப் போனாள். மூன்றிலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கும் பல்பு வாங்கிட்டு வந்தியா?" என்று தங்கை கேட்டாள். அப்பா மிஷினை நிறுத்திவிட்டுத் தங்கையை முறைத்தார்.

மூன்றாவது இடம் ஒரு மின்சாமான் கடை. முதலாளி, "உனக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டார். அவர் தலைக்கு மேலே ஃபேன் டக் டக்கென்று ஆடிக்கொண்டிருந்தது. எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளால் சொல்லியிருக்க முடியும். ஆனால் அவள் வாயில் வந்தது, "பெரிசா ஒண்ணும் தெரியாது சார்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஃபேன்தான் அவள் மண்டைக்குள் ஆடியது.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, மடித்துத் தள்ளுவண்டியில் மாடிக்கு மாடி கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் அம்மா இடுப்பில் செருகியிருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு ஆறு மாதப் பயிற்சி. தொழில், குடிமை, தலைமை என்று மூன்று பகுதி. வந்து சேரலாம் என்றிருந்தது. நாலு மூலையிலும் குண்டூசி குத்திய ஓட்டை.

"அம்மா, நாலு பேர் பாக்கட்டும்னு குத்தி வெச்சதையா பிச்சுட்டு வந்தே?"

"நாலு பேர் பாத்தா உனக்கு இடம் கிடைக்குமா?" என்றாள் அம்மா.

பயிற்சி மையம் ஒரு பழைய அச்சகக் கட்டடத்தில் இருந்தது. தரையில் இன்னும் மைக்கறை போகவில்லை. ஆறு தொழில்களுக்கு ஆறு மேசைகள் போட்டிருந்தார்கள். கணினி மேசைக்கு முன்னால் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. லிஃப்ட் பொருத்திப் பராமரிக்கும் வேலைக்கான மேசையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குப் பயந்து அவள் அங்கே போய் நின்றாள். அவளுக்குப் பின்னாலேயே, நேரம் கழித்து வந்ததால் வேறு எங்கும் இடமில்லாமல், இன்னொருத்தி மூச்சிரைக்க வந்து நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே தன் வீட்டு விலாசம், பஸ் தவறிய கதை, செருப்பு அறுந்த கதை மூன்றையும் சொல்லி முடித்தாள். ஒரு வாரத்துக்குள் அவளுக்கு ரேடியோ என்று பெயர் விழுந்துவிட்டது. அந்த வகுப்பில் மொத்தம் எட்டுப் பெண்கள்.

மையத்தின் பின்கட்டில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பயிற்சி லிஃப்ட் இருந்தது. சுற்றுச்சுவர் கிடையாது. இரும்புக் கயிறு, மோட்டார், பிரேக், தண்டவாளம் எல்லாம் வெளியே தெரியும்படி, தோலுரித்த யானைபோல நிற்கும். பாடம் எடுக்கும் லிஃப்ட் மாஸ்டர் அதை முதல்முறை ஓட்டிக் காட்டினார். ஆள் நிற்கும் கூண்டு மேலே போகப்போக, மறுபக்கத்தில் அதற்குச் சமமான எடைக்கட்டை கீழே இறங்கியது. யானையைத் தூக்க இன்னொரு யானையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று புரிந்த கணத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாக இல்லை. அது அவளுக்கே அதிசயமாக இருந்தது.

கொடுத்த சீருடைகள் ஆண்களுக்கு வெட்டியவை. தோள் முழங்கைக்கு வந்தது, கால் தரையைப் பெருக்கியது. அப்பா அதை வாங்கி ஒரு நிமிஷம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதை வெட்டினவன் மனுஷங்களைப் பாத்ததே இல்ல" என்றார். இரண்டே நாளில் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். ஸ்க்ரூ டிரைவருக்கு, டெஸ்டருக்கு, இடுக்கிக்கு என்று தனித்தனிப் பை வைத்து. அதைப் பார்த்த மற்ற ஏழு பேரும் தங்கள் சீருடையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்பா ஏழையும் தைத்தார். பொத்தான் துளைகளை வழக்கம்போல அதே கட்டடத்து ஐந்தாம் மாடி அத்தை போட்டாள்.

தொழில் வகுப்பில் அவள் புலி. மற்ற இரண்டில் பூனைகூட இல்லை.

"உங்களுக்குச் செய்யத் தெரிந்த நூறு விஷயங்களை எழுதுங்கள்" என்று ஒரு நாள் தாள் கொடுத்தார்கள். அவள் நாலு எழுதிவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேடியோ அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, எங்க வீட்டு மிக்சியை நேத்து யாரு சரிபண்ணினது?"

"அது சும்மா. ஒயர் விட்டுப்போயிருந்தது."

"எழுது. உங்கப்பா மிஷின் மோட்டார்?"

"அது வந்து... கார்பன் மாத்தினேன்."

"எழுது!"

அன்று சாயங்காலத்துக்குள் ரேடியோ அவளிடமிருந்து நாற்பத்தேழு விஷயங்களைப் பிடுங்கி எடுத்துவிட்டாள். பல்பு அந்தத் தாளை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தாள். யாரோ கெட்டிக்காரியைப் பற்றி எழுதியதுபோல இருந்தது.

சனிக்கிழமை தலைமை வகுப்பு. வாரம் ஒருத்தி அந்த ஒரு மணி நேரத்தை நடத்த வேண்டும். அவள் முறை வந்தபோது எழுந்து நின்று மூன்று வாக்கியம் பேசினாள். நாலாவது வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உட்கார்ந்துவிட்டாள். மீதி ஐம்பத்தேழு நிமிஷத்தை ரேடியோ ஒப்பேற்றினாள்.

குடிமை வகுப்பு எடுத்தவள் இருபத்தேழு வயது வக்கீல். ஸ்கூட்டரில் வருவாள், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பாடம் ஆரம்பித்துவிடும். 'மேடம்' என்றால் பிடிக்காது, வக்கீல் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். இரண்டாவது மாதத்தில் எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்தாள்.

"உங்க தெருவுல, உங்க கட்டடத்துல, எல்லாருக்கும் பொதுவா இருக்கிற ஒண்ணு கெட்டுப்போய்க் கிடக்கும். அதைப் பயிற்சி முடியறதுக்குள்ள ஓட வைக்கணும். யார் கால்லயும் விழக்கூடாது, சிபாரிசுக்கு ஆள் பிடிக்கக்கூடாது. மனு போட்டு, விதியைக் காட்டி, கேட்டு வாங்கணும்."

அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர்கள் குடியிருப்பில் தரைத்தளமும் அதற்குமேல் ஐந்து மாடிகளும் உண்டு. தளத்துக்கு எட்டு வீடு. கட்டியபோதே லிஃப்ட் வைத்தார்கள். அது நின்று பதினோரு வருஷம் ஆகிவிட்டது. தரைத்தளத்தில் அதன் கதவுக்கு முன்னால் மளிகைக்கடைக்காரர் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். அதற்குப் பின்னால் ஒரு கதவு இருப்பதையே பிள்ளைகள் அறியமாட்டார்கள். கீழிருந்து ஐந்தாம் மாடிக்குச் சரியாகத் தொண்ணூறு படிகள்.

ஐந்தாம் மாடி அத்தை உறவு முறையில் யாருக்கும் அத்தை இல்லை, ஊருக்கே அத்தை. சின்ன வயதிலேயே இரண்டு கால்களும் செயலிழந்தவள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி சமைப்பாள், துணி மடிப்பாள், நிமிஷத்துக்கு ஒரு பொத்தான் துளை போடுவாள். இந்தப் பதினோரு வருஷத்தில் நாலே முறைதான் கீழே வந்திருக்கிறாள். நாலு முறையும் நாலு ஆண்கள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். நாலாவது முறைக்குப் பிறகு, "இனிமே என்னைச் சாமான் மாதிரி தூக்கிட்டு அலையாதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

மனு எழுதி முதலில் அத்தையிடம்தான் எடுத்துப் போனாள். அத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

"'ஏழைகளாகிய எங்கள்மீது கருணை கூர்ந்து, குறிப்பாக நடக்க இயலாத ஒரு பெண்மணியின் பரிதாப நிலையை...' யாருடி அந்தப் பெண்மணி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எடுத்துட்டுப் போ. பரிதாபக் கடுதாசியில நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அடுத்த வகுப்பில் வக்கீல் அக்காவிடம் நடந்ததைச் சொன்னாள். "அந்தம்மாதான் இந்தப் பாடத்தை எடுத்திருக்கணும்" என்று அவள் சிரித்தாள். "வீடு ஒதுக்கினப்போ கொடுத்த பத்திரம் இருக்கா? அதுல லிஃப்டைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாரு."

பத்திரம் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. ஒன்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: மின்தூக்கி வசதியுடன் ஒப்படைக்கப்படுகிறது, பராமரிப்பு அலுவலகத்தின் பொறுப்பு. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மனுவைத் திருப்பி எழுதினாள். அரைப்பக்கம்தான் வந்தது. 'கருணை' இல்லை, 'தாழ்மை' இல்லை. யார் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், அவ்வளவுதான். அத்தை படித்துவிட்டு, "இது கடுதாசி" என்று பேனாவை வாங்கினாள்.

வீட்டு வசதி அலுவலகத்தில் குமாஸ்தா மனுவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு ஒரு பெரிய பதிவேட்டைத் தூக்கி வந்து விரித்தார்.

"லிஃப்ட் ஓடிட்டுத்தானே இருக்கு?"

"இல்லைங்க. பதினோரு வருஷமா நிக்குது."

"இங்க பாரும்மா. மாசாமாசம் 'நல்ல நிலையில் உள்ளது'ன்னு பதிவாயிருக்கு. புகார் ஒண்ணுகூட வரலையே."

அவள் பதிவேட்டைக் குனிந்து பார்த்தாள். உண்மைதான். பதினோரு வருஷமாக நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் படியேறும்போதெல்லாம் திட்டியிருக்கிறார்கள். ஒருவர்கூட ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. காகிதத்தில் அந்த லிஃப்ட் ஜம்மென்று மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது.

வழக்கமான பல்பாக இருந்தால் அந்த இடத்திலேயே திரும்பியிருப்பாள். கால் வாசல் பக்கம் திரும்பப் பார்த்தது. அதற்குள், கேட்டு வாங்கணும் என்று வக்கீல் அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. "இந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் வேணும்ங்க. முத்திரை போட்டு" என்றாள். குரல் நடுங்கத்தான் செய்தது. குமாஸ்தா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நகலைக் கொடுத்தார்.

இனி நாற்பத்தெட்டு வீடும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றாம் மாடிப் படிமுகப்பில் எல்லாரையும் கூட்டினாள். வந்தவர்கள் மேல்படியிலும் கீழ்படியிலும் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். எல்லாக் கண்ணும் அவள் மேல். மறுபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. தங்கை பின்னாலிருந்து முதுகில் ஒரு குத்து விட்டாள்.

"நான் பேசப்போறதில்ல" என்றாள் அவள். "நீங்க சொல்லுங்க. இந்தப் படியால உங்களுக்கு ஆனது, ஆளுக்கு ஒண்ணு. நான் எழுதிக்கறேன்."

முதலில் நாலாம் மாடி ஓட்டுநர், காலையில் கீழே போனபிறகுதான் மூக்குக் கண்ணாடியை மறந்தது தெரிந்ததாகவும், திரும்ப ஏறச் சோம்பல்பட்டு மனைவியைக் கூப்பிட்டு மேலிருந்து போடச் சொன்னதாகவும், அது அடுத்த தெருவில் விழுந்ததாகவும் சொன்னார். படிக்கட்டே சிரித்தது. இரண்டாம் மாடி நர்ஸ், நிறைமாதத்தில் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதைச் சொன்னாள். சிரிப்பு நின்றது. அப்புறம் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் நோட்டில் பதினாறு பக்கம் நிரம்பியது.

தரைத்தளத்து மளிகைக்கடைக்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எனக்கு எதுக்கு லிஃப்ட்? நான் கீழயே இருக்கேன்."

"அண்ணே, மேல இருக்கறவங்க ஏன் ஒரு நேரத்துக்கு ஒரு பொருள்தான் வாங்கறாங்க?"

"ஏன்?"

"தூக்கிட்டு ஏற முடியாது. லிஃப்ட் வந்தா பத்துப் பொருள் சேத்து வாங்குவாங்க."

கடைக்காரர் கட்டிய கையைப் பிரித்தார். கையெழுத்துப் போட்டதோடு, மூட்டைகளை நகர்த்த இடமும் பார்த்துவிட்டேன் என்றார்.

மாதம் ஒருமுறை அதிகாரி நேரில் குறை கேட்கும் நாளில், முப்பத்தொரு வீட்டுக்காரர்கள் அவளோடு அலுவலகத்துக்குப் போனார்கள். அவளைத்தான் முன்னால் தள்ளினார்கள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரிசீலிக்கிறோம்" என்றார்.

"ஐயா, உங்க பதிவேட்டுல அது ஓடுதுன்னு இருக்கு" என்று நகலை மேசைமேல் வைத்தாள். "ஓடற லிஃப்டைப் பரிசீலிக்க வேண்டியதில்ல. ஒரு தடவை வந்து ஏறிப் பாருங்க. போதும்."

பின்னாலிருந்து ரேடியோவின் கைதட்டல் கேட்டது. அவளுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

அதிகாரி வந்தார். மூட்டைகள் விலகிய இடத்தில் துருவேறிய கதவைப் பார்த்தார். பிறகு, மேலே ஒருவர் காத்திருக்கிறார் என்று சொல்லி அவரை ஏற்றினார்கள். மூன்றாம் மாடியில் ஒருமுறை நின்றார், நாலாம் மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாம் மாடியில் அத்தை தேநீரோடு தயாராக இருந்தாள்.

"உக்காருங்க சார். மூச்சு வாங்கிக்கங்க" என்றாள் அத்தை. "அவசரமே இல்ல. நான் எங்கயும் போகப்போறதில்ல, பாருங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தேநீரை முழுசாகக் குடித்துவிட்டு, லிஃப்டின் நிலைபற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதற்கும் அவள் தயாராக இருந்தாள். உரிமம் பெற்ற லிஃப்ட் மாஸ்டர் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டிருந்தார். எட்டுப் பெண்களும் இரண்டு நாள் அந்தக் கட்டடத்தில் ஏறி இறங்கினார்கள். கயிறு துருப்பிடித்துப் போயிருந்தது, கன்ட்ரோல் பெட்டியில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஆனால் மோட்டாரும் தண்டவாளமும் நன்றாகவே இருந்தன. அவள் எழுதி, மாஸ்டர் திருத்தி, நாலு பக்க அறிக்கை போனது. மாஸ்டர் திருத்தியது மொத்தம் இரண்டு எழுத்துப்பிழை.

உத்தரவு வர மூன்று மாதம் ஆயிற்று. பயிற்சியே முடிந்துவிட்டது. "ஓட வெக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சே" என்று அவள் வருத்தப்பட்டாள். லிஃப்டைப் பழுதுபார்க்கும் வேலையை எடுத்த நிறுவனம், அறிக்கையை எழுதியது யார் என்று மையத்தில் விசாரித்து ஆளனுப்பியது. நேர்காணலில் மேலாளர், "உனக்கு என்ன தெரியும்?" என்றே கேட்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். பத்து நிமிஷம் கழித்து அவர்தான், "போதும், போதும்" என்று கையைத் தூக்கினார். அவளையும் ரேடியோவையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்தக் கட்டடத்து வேலைக்கு வந்த ஃபோர்மேன் வேறு ரகம். இருபது வருஷ அனுபவம். "பொண்ணுங்களைக் குழியில இறக்கமாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். லிஃப்ட் ஓடும் கூண்டறைக்கு அடியில் இருக்கும் பள்ளத்தைத்தான் குழி என்பார்கள். பதினோரு வருஷத்துக் குப்பை அதில் கிடந்தது. மறுநாள் அவர் வருவதற்குள் இரண்டு பேரும் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, குழியில் இறங்கி முக்கால்வாசியை அள்ளி முடித்திருந்தார்கள். ஃபோர்மேன் பூட்டு போட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்தார். போட்டிருந்தது. அப்புறம் மீதியை அள்ள ஒரு கூடையை எடுத்து நீட்டினார்.

ஆறு வாரம் வேலை நடந்தது. புதுக் கயிறு மாட்டினார்கள், புது கன்ட்ரோல் பெட்டி வைத்தார்கள். மணல் மூட்டைகளை ஏற்றி எடை தாங்குகிறதா என்று பார்த்தார்கள். திறப்பு நாள் குறித்தாயிற்று. அதிகாரி வந்துவிட்டார், மேலாளர் வந்துவிட்டார், கீழே குடியிருப்பே கூடிவிட்டது. ஐந்தாம் மாடியில் அத்தை புதுப்புடவை கட்டி, நாற்காலியை லிஃப்ட் கதவுக்கு நேராகத் திருப்பி வைத்து உட்கார்ந்திருந்தாள்.

கடைசிச் சோதனைப் பட்டியல் அவள் கையில் இருந்தது. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் ஒரு அங்குலம்கூட நகரக்கூடாது. ஒவ்வொரு மாடியிலும் சாவி போட்டுக் கதவைத் திறந்து, கூண்டுக்குள் நிற்கும் ரேடியோவிடம் அதை நகர்த்தச் சொல்லி, நிற்கிறதா என்று பார்த்துவர வேண்டும். மூன்று மாடி முடிந்தது. "போதும், அதிகாரி காத்துட்டிருக்கார். மீதியை நேத்தே நான் பாத்துட்டேன்" என்றார் ஃபோர்மேன்.

"ரெண்டே நிமிஷம் சார்" என்று அவள் நாலாம் மாடிக்கு ஏறினாள். கதவைத் திறந்தாள். "நகர்த்து" என்றாள்.

நகர்ந்தது. திறந்த கதவுக்கு முன்னால் கூண்டு ஒரு முழம் மேலே போனது.

வேலை நடக்கும்போது கதவுப் பூட்டின் மின்சுற்றை ஏமாற்ற ஒரு துண்டு ஒயரை இணைத்து வைப்பது உண்டு. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். யாரோ அந்த மாடியில் எடுக்க மறந்திருக்கிறார்கள். இன்றைக்கு இப்படியே விட்டால் ஓடும், நன்றாகவே ஓடும். என்றைக்கோ ஒரு நாள் ஒரு பிள்ளை திறந்த கதவு வழியாகக் கால் வைக்கும்.

அந்தக் கூட்டத்திலேயே அந்த லிஃப்டுக்கு அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் யாருமில்லை. படியிறங்கிக் கீழே வந்தாள். நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களுக்கும் முன்னால் நின்று, "இன்னும் ஓடாது. ஒரு பிழை இருக்கு. சரிபண்ணி, ஆறு கதவையும் மறுபடி பாக்கணும். ரெண்டு மணி நேரம் ஆகும்" என்றாள். குரல் கடைசி வரிசைவரை போனது.

ஃபோர்மேனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கறியா? நான் கையெழுத்துப் போடறேன், நீ தள்ளு."

"நீங்க போடுங்க சார். என் கையெழுத்து வராது. இங்க இருக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் எனக்குத் தெரியும்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று நாலாம் மாடிக்கு ஏறினார். அவளும் பின்னால் போனாள். கதவுப் பூட்டுப் பெட்டியைத் திறந்து, விரலளவு இருந்த அந்தச் சிவப்பு ஒயரைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து அவளுக்குக் காட்டினார்.

"நான்தான் வெச்சேன்" என்றார். "நேத்து எடுத்துட்டேன்னே நினைச்சேன்."

ஆறு கதவையும் அவரே கூட நின்று சோதித்தார். பட்டியலின் அடியில் 'பரிசோதித்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதாமல் பேனாவை அவளிடம் நீட்டினார். கீழே போய் மேலாளரிடம், "தாமதம் என்னால. கண்டுபிடிச்சது இந்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டார். இருபது வருஷ அனுபவத்துக்கு அன்றுதான் அவள் மனசார மரியாதை கொடுத்தாள்.

பிற்பகல் இரண்டே முக்காலுக்கு ஐந்தாம் மாடிக் கதவு திறந்தது. அத்தை யாரையும் தொடவிடவில்லை. தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள், எட்டி, தரைத்தளப் பொத்தானை அழுத்தினாள். கீழே கதவு திறந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். அத்தை அவர்களைக் கடந்து நேரே தெருவுக்குப் போனாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். "அந்தப் பேக்கரிக்கு இவ்வளவு அசிங்கமான கலர் யாரு அடிச்சது?" என்றாள். அன்று இருட்டும்வரை அவள் மேலே போகவில்லை. அந்தத் தெருவில் அவள் குறை சொல்லாத கட்டடம் ஒன்று மிச்சமில்லை. அப்பா கையிலிருந்த சட்டைக்குக் கடைசிப் பொத்தானைத் தைப்பதை விட்டுவிட்டு, அத்தையின் நாற்காலியோடு தெரு முழுக்க நடந்தார். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் எதையாவது சாக்கு வைத்து லிஃப்ட் பேச்சை எடுத்தார்.

அடுத்த மாதம் குடியிருப்புச் சங்கத்துக்குத் தேர்தல் நடந்தது. அத்தை தலைவியானாள். செயலாளர் பதவிக்கு டெய்லர் வீட்டுப் பெரிய பெண்ணை நிற்கச் சொன்னார்கள். நின்றாள், ஜெயித்தாள். முதல் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி இருபது நிமிஷம் பேசினாள். தங்கை வீட்டுக்கு வந்து, "ரேடியோகூடச் சேந்து நீயும் கெட்டுப்போயிட்ட" என்றாள்.

இரண்டு வருஷத்தில் அவள் பொறுப்பில் முப்பத்தொரு லிஃப்டுகள் வந்தன. அவற்றில் மூன்று அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில். ஒரு நாள் காலை அங்கே கயிறுகளைப் பார்ப்பதற்காக, கூண்டின் கூரைமேல் ஏறி நின்று வேலை செய்துகொண்டிருந்தாள். இரண்டாம் மாடியில் கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது.

"எப்போ திறக்கும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பத்து நிமிஷம் ஆகும்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அவசரம்னா பக்கத்து லிஃப்ட்ல போங்க."

"பரவாயில்ல" என்றது அம்மாவின் குரல். "நான் இருக்கேன்."

பத்து நிமிஷம் பதினைந்தாயிற்று. மடித்த விரிப்புகள் அடுக்கிய வண்டியோடு அம்மா அங்கேயே நின்றாள். நர்ஸ் வந்தாள், மருந்துக்கடைக்காரர் வந்தார், ஒரு டாக்டரும் வந்தார். வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா கதவைக் காட்டிச் சொல்வது கயிறுகளுக்கு நடுவே நின்றிருந்தவளுக்குத் தெளிவாகக் கேட்டது:

"கொஞ்சம் பொறுங்க. உள்ள என் பொண்ணு வேலை பாக்குறா."